மாலை மருந்துக்கு நேரே பூஜ்யம்

மார்ச் 4, செவ்வாய்

வகுப்பு நன்றாகப் போயிற்று. நூலகக் கூடத்தில் நான் நடத்தும் மாலைக் கணினி வகுப்பில் இன்று பிட் பாடம். பலகையில் எட்டு ஜன்னல் வைத்த ஒரு வீட்டை வரைந்தேன். ஒரு ஜன்னல் ஒரு பிட்; திறந்திருந்தால் ஒன்று, சாத்தியிருந்தால் பூஜ்யம். எட்டு ஜன்னலும் சேர்ந்தால் ஒரு பைட். ஆமா, இல்லை என்று மட்டும் பதில் வரும் எட்டுக் கேள்விகளுக்கு எட்டுத் தனி எண்கள் எதற்கு, ஒரே வீடு போதுமே என்றேன்.

தையல்காரம்மா கையைத் தூக்கினார். "டீச்சர், அஞ்சாவது ஜன்னலை மட்டும் திறக்கணும்னா மத்ததைத் தொடாம எப்படித் திறக்கறது?"

இந்த மாதிரி ஒரு கேள்வி வந்தால் அன்றைய பொழுது வீணில்லை. ஐந்தாவது இடத்தில் மட்டும் ஒன்று போட்ட ஓர் அட்டை செய்துகொள், அதை வீட்டோடு 'ஆர்' செய். திறந்திருந்தவை திறந்தபடியே இருக்கும், ஐந்தாவது புதிதாகத் திறக்கும். சாத்த வேண்டுமா? அதே அட்டையில் ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றி 'ஆண்ட்' செய். அந்த ஒன்று மட்டும் சாத்திக்கொள்ளும்.

பெருமை அடங்காமல் எங்கள் வீட்டுப் பெட்டிக் கதையையும் சொன்னேன். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, கண்ணில் அழுத்த நோய். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிய வந்தது; அதற்குள் இடது கண்ணின் ஓரப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. மூன்று புட்டி சொட்டு மருந்து: வெள்ளை மூடி, பச்சை மூடி, மஞ்சள் மூடி. காலையில் மூன்றும், மதியம் வெள்ளை மட்டும், மாலையில் மறுபடி மூன்றும். இவரே பலகையில் மூன்று குழி குடைந்து ஒரு பெட்டி செய்தார். குழியின் அடியில் சின்ன விசை. உள்ளே இருக்கும் சிப்புக்கு நான் சி மொழியில் நிரல் எழுதினேன். புட்டியைத் தூக்கினால் அந்த வேளைக்குரிய பிட் ஒன்றாகும். ஒரு நாளைக்கு ஏழு தடவை, ஏழு பிட். எட்டாவது பிட் சும்மா கிடந்தது. போன ஞாயிறுதான் அதில் மணியை வைத்தேன். மருந்து நேரம் வந்து மணி அடித்துக்கொண்டிருந்தால் ஒன்று, பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டால் பூஜ்யம். ஒரு முழு நாளும் ஒரே பைட்டுக்குள். ஒரு பிட்கூட வீணில்லை!

கூரியர்க்காரர் கைதட்டினார். வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறுதோறும் பெட்டியைக் கணினியோடு ஒயரால் இணைத்து அந்த வாரத்தைப் படித்துப் பார்ப்பது வழக்கம். காலை மூன்றும் ஒன்று, ஒன்று, ஒன்று. மதியம் ஒன்று. மாலைப் பச்சை, மஞ்சள் எல்லா நாளும் ஒன்று. மாலை வெள்ளைக்கு நேரே மட்டும் செவ்வாய் பூஜ்யம், வியாழன் பூஜ்யம், வெள்ளி பூஜ்யம்.

மூன்றும் எனக்கு வகுப்பு உள்ள நாட்கள். நான் வீட்டில் இல்லாத மாலைகள்.

மார்ச் 10, திங்கள்

இவரிடம் இன்னும் கேட்கவில்லை. கட்டின புருஷனிடம் ஒரு சொட்டு மருந்தைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன பயம்?

மார்ச் 13, வியாழன்

கேட்டுவிட்டேன். வகுப்புக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல.

"ஏங்க, சாயங்காலம் வெள்ளை மூடி மருந்து போட்டுக்கறீங்கதானே?"

"போட்டுக்கறேனே."

"தினமுமா?"

"என்ன டீச்சர், அட்டெண்டன்ஸா?" எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "உள்ளேன் அம்மா!"

சிரித்துவிட்டேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் போனேன். நூலகப் படியில் ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. கேள்விக்கு நேரான பதில் இல்லாத பையன்கள்தான் இப்படி வேடிக்கை செய்வார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வாரமும் அதே இடத்தில் பூஜ்யம். செவ்வாயும் வெள்ளியும். வியாழன் மட்டும் ஒன்று. நான் கேட்டுவிட்டுப் போன நாள் அது. கேட்டதால் போட்டாரா?

ஆளைச் சந்தேகிக்கும் முன் நிரலைச் சந்தேகிக்க வேண்டும். மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். காலை முழுக்கப் பெட்டியோடு உட்கார்ந்தேன். மணியை அடிக்கவிட்டேன், பொத்தானை அழுத்தி நிறுத்தினேன், வெள்ளைப் புட்டியைத் தூக்கினேன், படித்துப் பார்த்தேன்: ஒன்று. புட்டியை வைத்துவிட்டு மறுபடியும். மறுபடியும். கை வலிக்கும் வரை. ஒருமுறைகூடத் தவறவில்லை. நிரலையும் வரிவரியாகப் படித்தேன். ஆர் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், ஆண்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்ட்.

நிரல் சரி. அப்படியானால்?

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டிக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, சும்மா" என்றேன்.

மார்ச் 19, புதன்

கண் டாக்டரிடம் போய் வந்தோம். போன தடவை பதினெட்டு இருந்த அழுத்தம் இருபத்தாறு ஆகியிருக்கிறது.

டாக்டரம்மா கேட்டார், "சார், மருந்தெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறீங்களா?"

"ஒரு நாள்கூடத் தவறினதில்லைங்க."

நான் பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினேன். அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றும் பூஜ்யமுமாக ஒரு மாதம். ஏன் கொண்டுபோனேன்? கொண்டுபோனதை ஏன் நீட்டினேன்? கண் விஷயம். டாக்டரிடம் மறைக்கலாமா? சரிதான். ஆனால் வீட்டிலேயே இவரிடம் காட்டியிருக்கலாமே.

டாக்டரம்மா பூஜ்யங்களைப் பேனாவால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "சாயங்கால வெள்ளை மூடிதான் சார் இதுல முக்கியமானது. அதையே விட்டுட்டீங்கன்னா அழுத்தம் ஏறத்தானே செய்யும்? ஒரு நாள்கூட விடாம போட்டும் ஏறியிருந்தா, மருந்து கேக்கலைன்னு ஆபரேஷனைப் பத்திப் பேசியிருப்பேன். இப்ப அவசரம் வேண்டாம். ஆறு வாரம் ஒழுங்கா போட்டுட்டு வாங்க."

இவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஆள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தால் ஒரு பார்வை பார்ப்போமே, அந்த மாதிரி.

திரும்பி வரும்போது பஸ் டிரைவர் வளைவில் சக்கென்று பிரேக் போட்டார். வழக்கமாக இவர் அதற்கு ஒரு பிரசங்கமே செய்வார். இன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 20, வியாழன்

காலையில் இவர் கண்ணில் மருந்து விடப் போனேன். என் கையிலிருந்து புட்டியை வாங்கிக்கொண்டார்.

"நானே போட்டுக்கறேன். வேணும்னா நின்னு பாரு, சாட்சிக் கையெழுத்தும் போடு."

"உங்க நல்லதுக்குத்தானே..."

"அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து. அது பொய் சொல்லாது பாரு."

இன்று வகுப்பில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். கூரியர்க்காரர் திருத்தினார்.

மார்ச் 25, செவ்வாய்

மகள் போன் செய்தாள். சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். குரலைக் கேட்டதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அப்பா வேணும்னே அப்படிச் செய்ய மாட்டாரும்மா," என்றாள். கொஞ்சம் கழித்து, "மறதியா இருக்குமோ?"

அந்த ஒரு சொல். போனை வைத்த பிறகும் காதிலேயே நிற்கிறது. மணியை நிறுத்துகிறார், டிவி பக்கம் திரும்புகிறார், முதல் மருந்து போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார். பிறகு பச்சை, பிறகு மஞ்சள். பொய் இல்லை, மறதி. பெட்டி சொல்வதற்கும் இவர் சொல்வதற்கும் அது பொருந்துகிறது. பொருந்துகிறதே என்பதுதான் பயம்.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். பழைய ரூட்டைப் பற்றி, எந்த ஸ்டாப்புக்கு அடுத்து எந்த ஸ்டாப் என்று. டெப்போவிலிருந்து மூச்சுவிடாமல் கடைசி வரை சொன்னார். நடுவில் எடுத்துவிட்ட இரண்டு ஸ்டாப்பையும், அவற்றை எந்த வருஷம் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து. பிறகு தட்டைத் தள்ளிவைத்தார்.

"அடுத்து என்ன, வாய்ப்பாடா? பதினாறாம் வாய்ப்பாடு சொல்லட்டுமா டீச்சர்?"

மகளிடம் பேசியது இவர் காதில் விழுந்திருக்கிறது. கழுவுகிற சாக்கில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

பெட்டியைப் படித்தேன். எழுத மனமில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் மேஜையில் இடப்பக்கம் காபி டம்ளர் வைத்தேன். இவர் பேப்பரை எடுக்கக் கையை வீசியதில் டம்ளர் பறந்தது. "எங்கே வெச்ச? சொல்லிட்டு வைக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். கண்ணெதிரே வைத்ததை எதற்குச் சொல்ல வேண்டும்? துடைத்துக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தரையில் ஏதோ விடை இருப்பதுபோல.

இடது ஓரத்துப் பார்வை இன்னும் போயிருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. எனக்கு அந்தப் பூஜ்யங்கள் வேண்டியிருக்கின்றன. இவர் மருந்தை விட்டுவிடுகிறார் என்றால், விடாமல் போட்டால் சரியாகிவிடும் என்று ஆகிறது. பொய் சொல்கிறார் என்றே இருக்கட்டும், மறந்துபோகிறார் என்றே இருக்கட்டும். கண் பிழைக்குமே. எப்பேர்ப்பட்ட பெண்டாட்டி நான்!

ஏப்ரல் 3, வியாழன்

வெட்கத்தை விட்டு ஒரு காரியம் செய்தேன். வகுப்பில் பயிற்சிக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, முடித்தவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டுப் பாதியில் கிளம்பினேன். மணி அடிப்பதற்குள் வீட்டுக்கு வந்தேன். உள்ளே போகவில்லை. பக்கச் சந்தில், குப்பைக்கூடை ஓரமாக நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டையே திருடியைப்போல.

மணி அடித்தது. இவர் நாற்காலியிலிருந்து உடனே எழுந்தார். பெட்டியிடம் போனார். இடது கையால் பொத்தானை அழுத்தினார், அதே சமயம் வலது கையால் வெள்ளை மூடிப் புட்டியைத் தூக்கினார். இரண்டு கையும் ஒரே வீச்சில், ஒன்று ஸ்டீயரிங்கில் இருக்கும்போதே மற்றது கியரை மாற்றுமே அப்படி. தலையைச் சாய்த்தார். ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே உட்கார்ந்தார். உதடு அசைந்தது. ஏதோ முணுமுணுத்து நேரத்தைக் கணக்கு வைக்கிறார். அப்புறம் பச்சை. அப்புறம் மஞ்சள். டிவி போடவே இல்லை.

எவ்வளவு கவனமாகச் செய்கிறார்! பார்க்க ஆள் இல்லாத வீட்டில்.

உள்ளே போனேன். "சீக்கிரம் முடிஞ்சுதா?" என்றார். "ஆமாங்க." முகம் கழுவப் போனார். ஒயரை மாட்டினேன். மாலைப் பச்சை ஒன்று. மாலை மஞ்சள் ஒன்று.

மாலை வெள்ளை, பூஜ்யம்.

நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். பெட்டி பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக என் கண் முன்னாலேயே இருந்த நாலே வரி.

புட்டியைத் தூக்கினதும் சிப்பு எந்த வேலையில் இருந்தாலும் அதை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த வேளையின் பிட்டை ஒன்றாக்கிவிட்டுத் திரும்பும்:

f |= (1 << n);

அதில் பிழையில்லை. பிழை மணியை நிறுத்துகிற இடத்தில்:

t = f;
t &= ~(1 << 7);
wait(500);
f = t;

f என்ற முழு பைட்டையும் t என்று ஒரு பிரதி எடுக்கிறேன். பிரதியில் எட்டாவது ஜன்னலை (பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அது 7) சாத்துகிறேன். பொத்தானை ஒரு தடவை அழுத்தினாலும் உள்ளே அது பல தடவை துள்ளும், அது அடங்கட்டும் என்று அரை வினாடி காத்திருக்கிறேன். பிறகு பிரதியை அப்படியே திருப்பி எழுதுகிறேன். எட்டு ஜன்னலையும்.

பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பியூன் பலகை முழுவதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார். தாளில் அந்த வரியைத் திருத்துகிறார். ஒரு டீ குடிக்கிறார். திரும்பி வந்து பலகையை அழித்துவிட்டுத் தாளில் இருப்பதை முதலிலிருந்து எழுதுகிறார். அவர் டீ குடித்த நேரத்தில் யாராவது பலகையில் புதிதாக ஒன்று எழுதிவிட்டுப் போயிருந்தால்? அவர் எழுதினது நிஜம். பலகையில்தான் அது இருக்காது.

அந்த அரை வினாடிக்குள் இவர் கை புட்டியைத் தூக்கிவிடுகிறது. சிப்பு ஒன்று என்று குறிக்கிறது. என் பழைய பிரதி வந்து அதன் மேல் பூஜ்யத்தை எழுதிவிட்டுப் போகிறது. பச்சையும் மஞ்சளும் நிமிஷக்கணக்கில் பின்னால் வருவதால் தப்பிக்கின்றன. காலையிலும் மதியத்திலும் மணியை நிறுத்துவது நான். ஒரு கையால் அழுத்தி, அதே கையால் நிதானமாகப் புட்டியை எடுப்பேன். வகுப்பில்லாத மாலைகளிலும் அப்படித்தான். சோதித்துப் பார்த்தபோதும் அப்படித்தான். என் கையை வைத்து இவர் கையைச் சோதித்திருக்கிறேன்!

இரண்டு கையாலும் செய்து பார்த்தேன். பூஜ்யம். மறுபடியும், பூஜ்யம். நான் கேட்டுவிட்டுப் போன அந்த வியாழன் மட்டும் இவர் கை கொஞ்சம் நிதானித்திருக்கும்.

இத்தனை வருஷம் கரும்பலகையிலும் பள்ளிக் கணினியிலும் சி சொல்லிக்கொடுத்தேன். அங்கே ஒரு வரி முடிந்தால்தான் அடுத்த வரி. நடுவில் இன்னொருவர் கை வந்து அதே எண்ணைத் தொடும் என்று நினைக்கவே தேவை வந்ததில்லை. மணிக்கென்று தனியாக ஒரு பைட் கொடுத்திருந்தால் இவர் மருந்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு பிட்டை மிச்சம் பிடித்தேன்!

கண்டுபிடித்ததும் எழுந்து நின்று சிரித்தேன். பொய் இல்லை, மறதியும் இல்லை. இவர் சொன்னதெல்லாம் நிஜம். அடுக்களை வரைக்கும் ஓடினேன் சொல்வதற்கு.

அடுக்களை வாசலில் கால் நின்றுவிட்டது.

எல்லா மருந்தையும் போட்டிருக்கிறார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அப்படியிருந்தும் இருபத்தாறு.

ஏப்ரல் 5, சனி

சொன்னேன். காபியை வலப்பக்கம் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து.

"பெட்டி தப்புங்க. நீங்க சொன்னதுதான் சரி."

"பெட்டி தப்பா? பெட்டி செஞ்சது நானாச்சே."

"மரம் சரிதான். நிரல் தப்பு. என் தப்பு."

பியூன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ஜன்னல் ஓரம் ஒளிந்து நின்றதையும் சொன்னேன். அதற்குத்தான் முகம் மாறியது.

"குப்பைக்கூடை பக்கமா? கொசு கடிச்சிருக்குமே."

"கடிச்சுது."

"நல்லா கடிக்கட்டும்." கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நீ கேட்டே, நான் சொன்னேன். அதுக்கு மேல நான் என்ன செய்யணும்னு இந்த ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டிருந்தேன், தெரியுமா? என்ன சொன்னா நீ நம்புவேன்னு."

அழுகை வந்தது. அழுதால் இவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அது நியாயமில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் இவரே கேட்டார், மெதுவாக. "அப்ப மருந்து கேக்கலைன்னு அர்த்தம். இல்லையா?"

"ஆமாங்க."

"ம்." காபியைக் குடித்து முடித்தார். "போனைப் போடு. திங்கட்கிழமையே போவோம்."

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். போன தடவை கொடுத்த தாள் தப்பு, எழுதின நிரலில் பிழை, இவர் ஒரு வேளையும் விடவில்லை என்று. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. இவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க சார், நானும் உங்களை நம்பலை" என்றார். இவர் கையை ஆட்டி, "பரவாயில்லைங்க, பெட்டி படிச்ச பெட்டியாச்சே" என்றார்.

பக்கப் பார்வை சோதனை எடுத்தார்கள். இடது கண்ணில் இடப்பக்கம் பெரிய கறுப்புத் திட்டு. போன வருஷப் படத்தையும் பக்கத்தில் வைத்தார். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"ஆறு வாரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் ஆபரேஷன். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை என்னைப் பார்த்து.

மார்ச் பத்தொன்பதிலிருந்து இன்று வரைக்கும் எவ்வளவு போயிருக்கும்? கேட்க வாய் வரவில்லை. கேட்டாலும் யாராலும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாளைக்கு. பையில் எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. இவர் தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார். தூங்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

முடிந்தது. நன்றாகச் செய்திருக்கிறோம் என்றார்கள். கட்டோடு வெளியே வந்தவர், "டீச்சர், உள்ளேன் என்று சொல்ல வேண்டுமா?" என்று ஏட்டுத் தமிழில் கேட்டார். நர்ஸ் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வாசலிலேயே, எல்லோர் முன்னாலும்.

ஏப்ரல் 24, வியாழன்

மறுபடி வகுப்பு. எங்கள் பெட்டியில் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னேன். மணிக்குத் தனி பைட் கொடுத்ததையும், எண்ணை மாற்றுகிற அந்த ஒரு கணம் யாரும் குறுக்கே வராதபடி தாழ் போடுவதையும், காத்திருப்பதை மாற்றி முடித்த பிறகு வைத்துக்கொள்வதையும் எழுதிக் காட்டினேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. தையல்காரம்மா மட்டும், "சாருக்கு இப்ப எப்படி இருக்கு டீச்சர்?" என்றார்.

மே 11, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அளந்ததில் அழுத்தம் பதினான்கு. அங்கேயே நின்றால் போதும் என்றார் டாக்டரம்மா.

பெட்டியை இந்த ஞாயிறு நான் படிக்கவில்லை.

சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடந்தோம். கல்யாணமான நாளிலிருந்து நான் இவர் வலப்பக்கம்தான் நடப்பேன். இன்று ஒரு சைக்கிள்காரன் இடப்பக்கமாக உரசிக்கொண்டு போனான். இவர் திரும்பவே இல்லை. நான் பின்னால் சுற்றி வந்து இடப்பக்கம் சேர்ந்துகொண்டேன்.

"என்ன, லேன் மாத்திட்ட?"

"இந்தப் பக்கம் நிழலா இருக்குங்க."

வானம் மூட்டம் போட்டிருந்தது. தெருவில் எந்தப் பக்கமும் வெயில் இல்லை. இவர் அண்ணாந்து பார்த்தார். இடது கையில் இருந்த பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையை என் பக்கம் நீட்டினார்.